நெல் மூட்டை அறையும் அம்மாவின் பையும்

இரண்டு வருடமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த வேலை இந்த ஆடியில் ஒரு மாதிரி முடிந்தது. மகளுக்கு அவளுக்கென்று ஒரு அறை. வந்து பார்த்துவிட்டுப் போன தோழிகள், பெயின்ட் எத்தனை லீற்றர் போனது, கட்டில் என்ன மரம், லீவுக்கு எங்கே போகிறீர்கள், இரண்டுக்கும் காசு எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். அறையைப் பற்றி எழுதினால் பயணத்தைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும், இரண்டுக்கும் காசு ஒரே சீட்டிலிருந்துதான் போகிறது, எனக்குள்ளும் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டித்தான் கிடக்கிறது.

எங்கள் வீடு இந்திய வீட்டுத்திட்ட வீடு. போருக்குப் பிறகு இந்திய அரசு ஐந்தரை லட்சம் தவணை தவணையாகத் தர, நாங்களே கட்டிய அந்த வீடுதான், கிளிநொச்சிப் பக்கம் இருப்பவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. ஒரு ஹோல், இரண்டு அறை, குசினி. ஒரு அறையில் நாங்கள் மூன்று பேரும் படுப்போம், என் அம்மா ஹோலில் பாய் போட்டுப் படுப்பார். மற்ற அறையில் நெல் மூட்டை, மருந்து தெளிக்கும் மெசின், உடைந்த மேசைக் காற்றாடி, எப்போதாவது தேவைப்படும் என்று யாரும் எறியாத சாமான்கள். பத்தடிக்குப் பத்தடி. மழைக்கால நெல்லான காலபோகம் வெட்டி முடிந்தால் அந்த அறைக்குள் காலே வைக்க இடமிருக்காது. மகளுக்கு நான்கு வயதானபோது ஒருநாள் அந்த மூட்டைகளுக்கு மேலே ஏறி, தன் பொம்மையைப் படுக்க வைத்து, பெட்ஷீட்டால் ஒரு கூடாரம் கட்டி, "இது என்ரை வீடு, ஒருத்தரும் வரக்கூடாது" என்றாள். எனக்கு அது நெஞ்சில் இறங்கிவிட்டது. என் சின்ன வயதில் எனக்குக் கூடாரம் விளையாட்டுப் பொருளாக இருக்கவில்லை.

நெல்லை என்ன செய்வது என்பதுதான் பெரிய பிரச்சினை. கடைசியில் குசினிக்குப் பின்னால் தகரம் போட்டு, நிலத்திலிருந்து ஒரு அடி உயரத்தில் பலகை அடித்து ஒரு கொட்டில் இறக்கினோம். அறையை அலங்கரிக்கும் செலவில் பாதி அந்தக் கொட்டிலுக்கே போய்விட்டது, ஆனால் அது இல்லாமல் மற்றது எதுவும் நடந்திருக்காது.

பெயின்ட் அடிக்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது மாதத்தைத்தான். எங்கள் பக்கம் ஐப்பசி தொடங்கினால் தை வரைக்கும் மழை, சுவர் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும். ஆனி, ஆடியில் சோளகக் காற்று அடிக்கும்போது செய்யுங்கள். தூசு வரும், அதைத் துடைத்துக்கொள்ளலாம், ஈரச் சுவரை ஒன்றும் செய்ய முடியாது. இதை நான் பட்டுத்தான் படித்தேன். இரண்டு வருடத்துக்கு முதல், அறையை முழுதாகச் செய்யக் காசில்லாமல், செங்கல் மாதிரித் தெரிகிற ஒட்டும் தாள் ஒன்றை ஒன்லைனில் எடுப்பித்து ஒரு சுவருக்கு மட்டும் ஒட்டினேன். படத்தில் அவ்வளவு வடிவு. கார்த்திகை மழைக்கு மேல் மூலை கழன்றது, மார்கழியில் முழுத் தாளும் பூச்சையும் பிய்த்துக்கொண்டு விழுந்தது, பின்னால் பல்லி முட்டையும் எறும்புக் கூடும். விற்றவர்களிடம் கேட்டதற்கு, சுவர் சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள். சுவர் சரியில்லைதான், ஆனால் வாங்க முதலே அதை யாராவது சொல்லியிருக்க வேண்டும். வன்னியில் ஒட்டும் தாள் வேண்டாம், அவ்வளவுதான் என் முடிவு.

இந்த முறை மேசனைப் பிடித்து, சுவரடியில் உப்புப் பூத்து மாவாகக் கொட்டிக்கொண்டிருந்த பூச்சை முழுதாகக் கொத்தி எடுத்து, புதிதாகப் பூசி, மூன்று கிழமை சும்மா காயவிட்டோம். அந்த மூன்று கிழமையும் மகள் நாளுக்கு நாலு தரம் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் குளிருது" என்று வந்து சொல்வாள். குளிர்ச்சி போன பிறகுதான் பிறைமர். யன்னல் நிலைகளில் இருந்த பழைய எனாமலைச் சுரண்டும்போது அவளை அம்மாவோடு பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். பழைய எனாமல் பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும், அந்தத் தூசு சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். சுரண்டி முடித்து ஈரத் துணியால் இரண்டு தரம் துடைத்தோம். தும்புத்தடியால் கூட்டினால் தூசு எழும்பி மறுபடி எல்லா இடத்திலும் இருந்துவிடும்.

பத்துக்குப் பத்து அறை, ஒன்பதடிச் சுவர், கதவும் யன்னலும் போக முந்நூறு சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். ஒரு லீற்றர் ஒரு பூச்சுக்கு நூறு சதுர அடிக்குச் சற்று மேல் பிடிக்கும். இரண்டு பூச்சுக்கு ஆறு லீற்றர் போனது, நாலு லீற்றர் வாளி ஒன்றும் ஒரு லீற்றர் இரண்டும். நிறத்தை அவளையே தெரிவுசெய்யச் சொன்னோம். கடையில் கலர் அட்டையைப் புரட்டிப் புரட்டி, அப்பாவைக் கூப்பிட்டு, "இது எங்கடை வயல்" என்று ஒரு பச்சையில் விரலை வைத்தாள். மார்கழி நெல்லின் பச்சை. நாலு சுவருக்கும் அதை அடித்தால் அறை இருண்டுவிடும் என்பதால் கட்டில் தலைமாட்டுச் சுவருக்கு மட்டும் அது, மற்ற மூன்றும் பால் வெள்ளை. மேற்குச் சுவரில் பின்னேர வெயில் விழுந்து சூடேறும், வெள்ளை இருந்தால் கொஞ்சமாவது தாங்கும். கதவுக்குப் பக்கத்தில் தரையிலிருந்து மூன்று அடிக்குக் கரும்பலகைப் பெயின்ட். சுவரில் கீறாதே என்று பிள்ளையை ஏசிக்கொண்டிருப்பதைவிட, கீறுவதற்கு ஒரு சுவரையே கொடுத்துவிடுவது நல்லது. ஒரு பெட்டி வெண்கட்டி போதும், வீட்டில் வேறு எங்கேயும் இப்போது கீறல் இல்லை.

கட்டிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு மெத்தையைத் தரையிலேயே போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது, இணையத்தில் பார்க்க வடிவாக இருக்கும், விழுந்தாலும் அடிபடாது. எங்கள் மண்ணுக்கு அது சரிவராது. கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வந்து, நிலத்தில் படுத்திருப்பவர்களைத்தான் நித்திரையில் கடிக்கும், கடித்த இடத்தில் பெரிதாக நோவும் இருக்காது, விடியச் சோர்ந்து கிடக்கும்போதுதான் தெரியவரும். வயலோரத்து வீட்டில் இருந்துகொண்டு இதை மறக்க முடியாது. அதனால் ஒன்றரை அடி உயரத்தில் வேப்பமரக் கட்டில், நாலு மூலைக்கும் கம்பு, நுளம்பு வலையை மெத்தைக்கு அடியில் சுற்றிவரச் செருகிவிடுவோம். வலை பாம்புக்கும் காவல், நுளம்புக்கும் காவல். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, ஆகவே யன்னலுக்கும் கம்பி வலை அடித்தோம். அலுமாரியைச் சுவரோடு ஆணியடித்து இறுக்கிவிட்டோம், லாச்சியை இழுத்து அதில் ஏறி நின்றால் அலுமாரியே பிள்ளைக்கு மேல் சாயும். அம்மாவும் இப்போது அவளோடு அந்த அறையில்தான், பக்கத்தில் இன்னொரு கட்டிலில். ஹோல் பாய் ஒரு வழியாகச் சுருட்டப்பட்டுவிட்டது.

திரைச்சீலை அம்மாவின் பழைய நூல் சேலை. விளையாட்டுச் சாமானுக்குப் பனையோலைப் பெட்டிகள், மூடியோடு. பிளாஸ்ரிக் பெட்டியை விட மலிவு, விழுந்தால் உடையாது, எங்கள் ஊர்ப் பொருள். முகட்டு மரத்தில் அவள் குழந்தையாகக் கிடந்த ஏணையின் கொழுக்கி இன்னும் இருக்கிறது, அதைக் கழற்ற விடமாட்டேன் என்றாள், இப்போது அதில் காகிதத்தால் செய்த கொக்குகள் தொங்குகின்றன.

அந்தப் பச்சைச் சுவரில் ஒரு இலங்கைப் படம், பெரிய அளவு. அதில் எங்கள் வீட்டுக்கு ஒரு சிவப்பு ஊசி. இந்த ஒரு சாமானுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்றே சொல்லலாம். போன இடத்துக்கெல்லாம் ஒவ்வொரு மஞ்சள் ஊசி குத்தி, சிவப்பிலிருந்து நூல் இழுத்து, திரும்ப சிவப்புக்கே கொண்டுவந்து முடிவோம். நூல் போகவும் வேண்டும், வரவும் வேண்டும் என்பது என் கணவரின் யோசனை. நல்ல யோசனை.

எங்கள் வீட்டில் பயணம் பள்ளிக்கூட லீவை மட்டும் பார்த்து வராது, வயலையும் பார்க்க வேண்டும். மார்கழி லீவில் காலபோகப் பயிர் நிற்கும், மழையும் இரணைமடுக் குளத்து வான்கதவும் என்று இவருக்கு மனம் வேறெங்கும் போகாது. சித்திரை லீவு நல்லது, வெட்டி விற்ற காசு கையில் இருக்கும். ஆவணி லீவில் கோடை நெல்லான சிறுபோகம் எப்படி என்பதைப் பொறுத்து. நான் அலுவலகத்தில் எட்டுப் பெண்களோடு சீட்டுப் போடுகிறேன், என் முறையைச் சித்திரைக்கு முன்னால் வரும்படி கேட்டு வைத்துக்கொள்வேன். பெரிய பயணம் வருடத்துக்கு ஒன்று, முடிந்தால் இரண்டு. மற்றதெல்லாம் விடியப் போய் இரவு திரும்புவது: முல்லைத்தீவுக் கடற்கரை, வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயில், தை மாசியில் பூநகரி வழியாக மன்னாருக்குப் போய் வங்காலைப் பக்கம் பூநாரை பார்ப்பது. பூநாரைகளைக் காலை ஒன்பதுக்குள் பார்த்துவிட வேண்டும், அதற்குப் பிறகு கானல் எழும்பி இளஞ்சிவப்பு ஒரு கோடாகத்தான் தெரியும்.

முதல் பெரிய பயணம் போன வருடம் சித்திரையில், நுவரெலியாவுக்கு. புறப்படுவதற்கு முதல் நாள் பின்னேரம் நான் பெரிய பையை எடுத்து உடுப்பு அடுக்கத் தொடங்கினேன். அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்துத் தன்னுடைய பையைக் கொண்டுவந்து என் பைக்குப் பக்கத்தில் வைத்தார். கறுப்பு ரெக்சீன் பை, சிப் உடைந்து ஊசி குத்தியிருக்கும். உள்ளே காணி உறுதிப் பத்திரம், எங்கள் எல்லோருடைய பிறப்புப் பத்திரங்கள், அப்பாவின் மரணப் பத்திரம், குடும்ப அட்டை, என் ஓ.எல். பரீட்சைச் சான்றிதழ், எல்லாம் சொப்பிங் பைக்குள் சுற்றி அதன்மேல் இன்னொரு சொப்பிங் பை, ரப்பர் பாண்ட். ஒரு காட் பனடோல். தீப்பெட்டி, மெழுகுதிரி.

"எத்தனை நாளைக்குப் பிள்ளை?"

"மூண்டு நாள் அம்மா. ஞாயிற்றுக்கிழமை இரவு வீட்டை நிப்பம்."

"ம்… அப்பிடித்தான் சொல்லுறது."

அவர் கோபத்தில் சொல்லவில்லை. 1996இல் போரால் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு ஒன்பது வயது, இரண்டு மூன்று நாளில் திரும்பலாம் என்றுதான் அப்பா சொன்னார். அக்கராயன், பிறகு மல்லாவி. திரும்பி வர ஆறு வருடம் எடுத்தது. 2008 கடைசியில் மறுபடி வெளிக்கிட்டோம், தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, கடற்கரை, பிறகு செட்டிகுளம் முகாம், 2010இல்தான் காணிக்குள் கால் வைத்தோம். அந்தப் பை எல்லா இடத்துக்கும் வந்தது. எங்கள் வீட்டில் பை கட்டுவதென்றால் அதுதான் அர்த்தம். சுற்றுலா என்று நான் ஒரு இடத்துக்கும் சின்ன வயதில் போனதில்லை, ஆனால் எத்தனை ஊரில் படுத்தெழும்பினேன் என்று எண்ணினால் விரல் போதாது. திரும்பி வர ஒரு அறை இருந்தால்தானே போவது பயணம். மகளின் அறையை நான் இவ்வளவு பிடிவாதமாகச் செய்ததற்கும், வருடா வருடம் அவளை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய்த் திருப்பிக் கூட்டிக்கொண்டு வருவதற்கும் காரணம் இது ஒன்றுதான்.

அம்மாவின் பையையும் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு விடிய நாலரைக்கு வெளிக்கிட்டோம். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, விடிய வெள்ளனவே கச்சான் வறுத்துக்கொண்டிருந்த ஒரு கடைக்கார அம்மாவிடம் இரண்டு சுருள் வாங்கி, அதற்குப் பிறகு வவுனியாவில்தான் நிறுத்தினோம். வீட்டுக்குக் கிட்டப் போகிற ஏ9 வீதி, வவுனியா, மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை என்று அப்படியே கண்டி வரைக்கும் போகிறது. 2002இல் திறந்து 2006 ஆவணியில் மூடி, எங்களுக்கு எத்தனையோ வருடம் ஓமந்தைச் சோதனைச் சாவடியோடு முடிந்துபோன வீதி. மகளுக்கு அது வெறும் வீதி, யன்னலோரம் இருந்து மாடு எண்ணிக்கொண்டு வந்தாள். மாத்தளை தாண்டி வளைவுகள் தொடங்கியதும் வாந்தி எடுத்தாள். சின்னப் பிள்ளையோடு மலைக்குப் போகிறவர்கள் காலையில் பால் கொடுக்காதீர்கள், காய்ந்த பாணோ பிஸ்கற்றோ கொஞ்சம் கொடுத்து, முன் சீட்டில் வைத்து, தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், போன் கையில் கொடுக்கவே வேண்டாம்.

சித்திரையில் நுவரெலியாவில் சீசன், விடுதி வாடகையைக் கேட்டாலே தலை சுற்றும். நாங்கள் தங்கியது பக்கத்து வீட்டு அக்காவின் சின்னம்மா வீட்டில். அக்காவின் குடும்பம் 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியது, அப்படி வந்த குடும்பங்கள் எங்கள் பக்கம் நிறைய. சொந்தங்கள் இன்னும் தேயிலைத் தோட்டத்தில்தான். வரிசையாகக் கட்டிய லயன் வீட்டின் முன் அறையை எங்களுக்கு ஒழித்துத் தந்துவிட்டு அவர்கள் ஐந்து பேர் பின்னால் படுத்தார்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், விடியப் பைப்புத் தண்ணீரைத் தொட்ட மகள் கையை இழுத்துக்கொண்டு, "ஆர் ஐஸ் போட்டது?" என்று கேட்டாள். ஹக்கல பூங்காவுக்குக் கூட்டிப் போனோம், 1861இல் சிங்கோனா மரம் நட்டுப் பார்ப்பதற்காகத் தொடங்கிய இடம், காய்ச்சல் மருந்து எடுக்கிற மரம். மகளுக்கு மிகவும் பிடித்தது பூவல்ல, கீழே விழுந்து கிடந்த பைன் காய். அதைவிட அவளுக்குப் பெரிய புதினம், கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் தமிழ் கதைத்தது. "அம்மா, இஞ்சையும் எங்கடை ஆக்கள்" என்று காதுக்குள் வந்து சொன்னாள். ஞாயிறு இரவு ஒன்பதரைக்கு வீட்டுப் படலையைத் திறந்தோம். அம்மா கால் கழுவிய கையோடு பையைத் திறந்து உறுதியை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார்.

இந்த வருடம் அறை முடிந்த கையோடு ஆவணியில் திருகோணமலை. ஆவணியில் அந்தக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும், மார்கழியில் அதே கடலில் கால் வைக்க முடியாது, ஆகவே கிழக்குக் கடலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவதென்றால் வைகாசி தொடங்கிப் புரட்டாதிக்குள் போய்விடுங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழிலும் ஒவ்வொரு சூடு, மகள் ஏழிலும் வாளி வாளியாகக் குளித்து, எது புட்டு அவிக்கிற தண்ணீர், எது பிள்ளைக்கு வார்க்கிற தண்ணீர் என்று பெயர் வைத்தாள். கோட்டைக்குள் மான்கள் நிற்கும், நாய் போல ஆட்களுக்குப் பக்கத்தில் வரும். நிலாவெளியில் இருந்து படகில் புறாமலைக்குப் போனோம், 2003இல் அது தேசியப் பூங்காவாக்கப்பட்டது. கரையெல்லாம் உடைந்த பவளத் துண்டு. ஒன்றாவது எடுத்துக்கொண்டு போகிறேன் என்று அழுதாள். அங்கே எடுக்கக் கூடாது, நாங்கள் விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் வெண்கட்டியை எடுத்துக் கரும்பலகைச் சுவரில் அதைக் கீறினாள், இரண்டு மாதமாகியும் அழிக்க விடுகிறாள் இல்லை. விடுதி மட்டும் ஏமாற்றம், நுளம்பு வலை இருக்கிறது என்று போனில் சொன்னவர்கள் போனபிறகு இல்லை என்றார்கள், இரவு முழுக்க இவர் துவாயால் விசிறிக்கொண்டே இருந்தார். இனிப் போகிற இடமெல்லாம் எங்கள் வலையை நாங்களே கொண்டுபோவோம்.

திரும்பி வந்த இரவுதான் எனக்குப் பெரிது. பத்து மணி, மகள் வானுக்குள் அரை நித்திரை. தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் போட்டு வலையைச் செருகினேன். கண்ணைத் திறந்து பச்சைச் சுவரைப் பார்த்து, கையால் ஒருதரம் தடவி, "சரி, வந்திட்டம்" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். நான் கொஞ்ச நேரம் இருட்டுக்குள் அப்படியே நின்றேன். பக்கத்துக் கட்டிலில் அம்மா பையைத் திறந்து உறுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது மழை தொடங்கிவிட்டது. பூச்சு இன்னும் நிற்கிறது, சுவரடியில் ஒரு சின்னப் பொட்டு மட்டும் ஈரம், பார்த்துக்கொண்டிருக்கிறேன். பைன் காயும் முல்லைத்தீவுச் சிப்பியும் யன்னல் கட்டின் மேல். அடுத்தது மாசியில் நெடுந்தீவு. குறிகட்டுவானிலிருந்து படகில் ஒரு மணித்தியாலம், மழைக்குப் பிறகு புல் பச்சையாக இருக்கும்போது குதிரைகளைப் பார்க்க வேண்டும் என்று மகள் இப்போதே படத்தில் ஊசியைக் குத்திவிட்டாள், போகாமல் குத்தக்கூடாது என்று அப்பாவோடு ஒரே சண்டை. அம்மாவும் வருகிறார். படகில் தண்ணீர் அடிக்குமா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார். தண்ணீர் போகாத, வாய் சுருட்டிப் பூட்டுகிற பை ஒன்று மீன்பிடிச் சாமான் கடையில் பார்த்து வைத்திருக்கிறேன், உறுதியும் பத்திரங்களும் மடிக்காமல் உள்ளே போகிற அளவு. அடுத்த சம்பளத்துக்கு அதை வாங்கிவிடுவேன்.